ஒரு வீல் பேரிங்கின் ஆயுள்

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் சுகிந்தா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இந்தியாவின் குரோமைட் தாது கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. பெங்களூரில் ஓடும் ஒரு காரின் முன் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பேரிங்கின் கதையை அந்த மாதிரி ஒரு சுரங்கத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. இரும்போடு நூற்றுக்கு ஒரு பங்கு கரியும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் சேர்ந்தால் பேரிங் உருக்கு. இந்தச் சேர்மானம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. மாறியது சுத்தம். உருக்கைக் காய்ச்சும்போது உள்ளே தங்கிவிடும் ஆக்சிஜன், அலுமினியத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உறைந்துவிடும். பாரம் தாங்கிக்கொண்டு சுழலும்போது முதல் விரிசல் அந்தத் துணுக்கைச் சுற்றித்தான் விடும். அதனால் நல்ல பேரிங் உருக்கில் இப்போது ஆக்சிஜனைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

வளையங்களை நெருப்பில் காய்ச்சி அடித்து, கடைந்து, 840 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்கி, மறுபடி 170 டிகிரி அளவில் பதப்படுத்தி, கடைசியில் சாணை பிடிக்கிறார்கள். அதன் பிறகு அரம் போட்டுப் பார்த்தால் அரம்தான் வழுக்கும். பால்ரஸ் குண்டுகள் வேறு வழியில் வருகின்றன. கம்பியைத் துண்டாக வெட்டி இரண்டு அச்சுக்கு நடுவே நசுக்கினால், இடுப்பைச் சுற்றி ஒரு பிதுக்கலோடு சுமாரான உருண்டை கிடைக்கும். பள்ளம் வெட்டிய கனத்த தட்டுகளுக்கிடையில் மணிக்கணக்காக உருட்டி, பதப்படுத்தி, மறுபடி உருட்டி, மெருகேற்றி வெளியே எடுக்கும்போது அதன் வட்டத்தில் பிசகு ஒரு மைக்ரானில் சிறு பகுதிதான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

இப்படிக் குண்டைச் சாணை பிடிக்கும் எந்திரத்தை ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் 1883-இல் உருவாக்கினார். அறுபது வருஷம் கழித்து, 1943 ஆகஸ்ட் 17-ஆம் தேதியும் அக்டோபர் 14-ஆம் தேதியும் அமெரிக்க விமானங்கள் அந்த ஊரைக் குறிவைத்து வந்ததற்குக் காரணமே அங்கிருந்த பேரிங் தொழிற்சாலைகள்தான். அக்டோபர் தாக்குதலில் மட்டும் 60 பி-17 விமானங்கள் விழுந்தன. பேரிங் வரத்து நின்றால் விமானமும் டாங்கியும் லாரியும் நின்றுவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

காரின் சக்கரத்துக்குள் போகும் பேரிங்குக்கு இரண்டு வேலை. வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் தாங்க வேண்டும். இரண்டாவது வேலைதான் கஷ்டம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென், பாரம் ஏற்றிய வண்டிகள் வளைவில் படும் பாட்டைப் பார்த்துத்தான் கூம்பு வடிவ உருளைகள் வைத்த பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் ஜீப்பிலும் லாரியிலும் மெக்கானிக்குகள் ‘கப்-கோன்’ என்று சொல்கிறார்களே, அந்த வம்சம். கழற்றலாம், டீசலில் கழுவலாம், புது கிரீஸ் அடைத்து மறுபடி மாட்டலாம். நட்டை முழுக்க இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, கோட்டர் பின் போட வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது மேஸ்திரியின் விரலுக்குத் தெரியும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் சக்கரத்தை எஞ்சின் இழுக்கும் சின்னக் கார்கள் இந்தியத் தெருக்களை நிறைத்தன. இன்று அந்த வகைக் கார்கள் பலவற்றின் முன் சக்கரத்தில் இருப்பது மூடிய பேரிங். ஒரே வெளி வளையம், உள்ளே இரண்டு உள் வளையங்கள், சாய்வாக நிற்கும் இரண்டு வரிசைக் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும் நைலான் கூடுகள், இரு பக்கமும் ரப்பர் சீல். உள்ளே இருக்கும் கிரீஸ் பிறந்தபோது வைத்தது. ஆயுள் முழுக்க அதுதான். அதையும் முழுக்க அடைப்பதில்லை. காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வைப்பார்கள். அதிகமானால் கிரீஸைக் கடைந்துகொண்டே சுழன்று பேரிங் சூடாகிவிடும். எத்தனை இடைவெளி விட வேண்டும் என்பதும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. மேஸ்திரியின் விரலில் இருந்த ‘கொஞ்சம்’ சாணை எந்திரத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொறுப்பு போகவில்லை. அது பேரிங்கைப் பொருத்தும் அந்த அரை மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைப் பட்டறைக்காரர்களில் பலரும் வண்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேரும் உணராததுதான் எனக்கு வருத்தம்.

பெங்களூருக்கும் பேரிங்குக்கும் பழக்கம் அதிகம். ஓசூர் ரோட்டில் போனால் எலக்ட்ரானிக் சிட்டியில் டிம்கென் இந்தியாவின் தலைமை அலுவலகம்; இன்னும் கொஞ்சம் தள்ளிப் பொம்மசந்திராவில் எஸ்.கே.எஃப். தொழிற்சாலை. எஸ்.கே.எஃப்.பின் கதை ஸ்வீடனில் தொடங்கியது. அங்கே கோத்தன்பர்க் நகரில் ஒரு துணி ஆலையில் பொறியாளராக இருந்தார் ஸ்வென் விங்க்விஸ்ட். ஆலைக்கு அடியில் களிமண். தரை நகர நகர, கூரைக்குக் கீழே ஓடும் நீளமான தண்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகளைத் தின்றன. கோணலுக்கு ஏற்பத் தானே வளைந்துகொடுக்கும் ஒரு பேரிங்கை அவர் செய்தார், 1907-இல் எஸ்.கே.எஃப். பிறந்தது. 1915-இல் அந்த நிறுவனம் தன் பேரிங்குகளுக்காகப் பதிவுசெய்து வைத்த பெயர்தான் வால்வோ. அதே பெயரைத் தாங்கிய பேருந்துகள் பின்னாளில் பெங்களூரை ஒட்டிய ஹொஸ்கோட்டேயில் தயாராகி இந்த நகரத்தின் சாலைகளுக்கு வந்தன.

இந்த ஊரில் இன்னொருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. ஐ.ஐ.எம். பெங்களூரின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசுவாமி. நிர்வாகவியல் சொல்லிக்கொடுக்கும் இடத்தின் தலைவர், மாட்டு வண்டியின் அச்சைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார். கார்ட்மேன் என்ற அமைப்பையே அதற்காக நடத்தினார். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையைத் தடவி, மரக் குடத்துக்குள் அச்சு உரசிக்கொண்டு சுழன்ற காலம் அது. அந்த உரசலையும் சேர்த்து இழுப்பது மாடுதான். நல்ல பேரிங்கும் இலகுவான சக்கரமும் போட்டால் அதன் கழுத்துப் பாரம் குறையும் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய அச்சும் பேரிங்கும் போட்டு ஓடிய டயர் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும். பேரிங் என்பது பணக்காரக் காரின் விவகாரம் இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்.

பெட்டிக்குள் போன பேரிங் பெங்களூரில் வந்து இறங்கும் இடம் ஜே.சி. ரோடு. டவுன் ஹாலில் ஆரம்பித்து மினர்வா சர்க்கிள் வரை போகும் அந்தச் சாலையிலும், அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் வண்டி உதிரிப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகம் பார்க்கப் போகிறவர்களும் பம்பர் வாங்கப் போகிறவர்களும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொள்வார்கள். கன்னடம், தமிழ், உருது, இந்தி, தெலுங்கு எல்லாம் ஒரே கவுண்டரில் ஓடும். பேரிங் கேட்டால் கடைக்காரர் மூன்று கேள்வி கேட்பார்: வண்டி எது, எந்த வருஷம், ஏபிஎஸ் உண்டா இல்லையா. மூன்றாவது கேள்வியைக் கேட்காத கடையில் நான் வாங்க மாட்டேன்.

2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரிய வேண்டுமே, அதற்கான அடையாளம் பல வண்டிகளில் பேரிங்கின் சீலிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்து ரப்பர் சீலில் காந்தத் துகள்களைக் கலந்து, வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று சுற்றிவரக் காந்தமேற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. ஒரு குண்டூசியையோ பேப்பர் கிளிப்பையோ பக்கத்தில் கொண்டுபோனால் காந்தப் பக்கம் மெல்ல இழுக்கும். திருப்பிப் பொருத்திவிட்டால் வண்டி ஓடும், சத்தமும் வராது. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். நட்டு போல்ட்டுகளைப் பிடித்து வைக்கும் காந்தத் தட்டு பட்டறைகளில் இருக்கும். அதில் இந்தப் பேரிங்கை வைக்கவே கூடாது.

போலியும் இந்தச் சந்தையில் உண்டு. நல்ல பெட்டி அச்சடிப்பது இன்று யாருக்கும் கஷ்டமில்லை. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வளையத்தின் மேல் பொறித்த எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எழுத்து நகத்தில் சுரண்டினால் போகிற மையாக இருக்கக்கூடாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளைச் சரிபார்க்கச் செல்போன் செயலிகள் வைத்திருக்கின்றன. கடையிலேயே நின்று ஒரு நிமிஷம் செலவழித்தால் போதும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இனி ரோட்டு வாழ்க்கை. 14 அங்குல ரிம்மில் 175/65 டயர் போட்ட சின்னக் கார் ஒரு கிலோமீட்டர் போக, சக்கரம் ஏறத்தாழ 550 சுற்று சுற்றும். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் ஐந்தரைக் கோடி சுற்று. நல்ல பேரிங் அதைத் தாங்கும். குஸ்தாஃப் லுண்ட்பெர்க்கும் ஆர்விட் பால்ம்கிரெனும் 1947-இல் வெளியிட்ட கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் பேரிங் ஆயுளைக் குறிக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, குண்டு பேரிங்கின் மேல் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். அழகுக்காக அகலமான ரிம் போட்டு, சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும். சக்கரம் வெளியே போகப் போகப் பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளமாகிறது.

குழிக்கு வேறு கணக்கு. நின்ற நிலையில் ஒரு பேரிங் எவ்வளவு அடி தாங்கலாம் என்பதற்கு வைத்திருக்கும் எல்லை, குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரப் பள்ளம். 12 மில்லிமீட்டர் குண்டு என்றால் 1.2 மைக்ரான். அவ்வளவுதான் அனுமதி. மழைக்காலத்தில் பெங்களூர்ச் சாலைகளில் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழியிலோ, பெயின்ட் அடிக்காத ஹம்ப்பிலோ வேகமாக இறங்கினால், ஒரே அடியில் அந்த எல்லை தாண்டிவிடும். வளையத்தின் ஓடுபாதையில் குண்டுக்குக் குண்டு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். அதன் மேல் ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் ஏறி இறங்கும். சத்தம் அன்றைக்கு வராது. பள்ளத்தின் விளிம்பு பொரிந்து உதிர ஆரம்பித்த பிறகு, மாதங்கள் கழித்து வரும்.

தண்ணீர் எல்லாவற்றையும்விட மோசம். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் அவுட்டர் ரிங் ரோடு, பெள்ளந்தூர், யமலூர்ப் பக்கம் வெள்ளம் வந்தபோது டிராக்டரில் ஏறி அலுவலகம் போன ஐ.டி. ஊழியர்களின் படங்கள் நாடெங்கும் வந்தன. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களுக்கு எஞ்சினைப் பார்த்தார்கள், சீட்டைப் பிரித்துக் காயவைத்தார்கள், வயரிங்கை மாற்றினார்கள். வீல் பேரிங்கை யாரும் நினைக்கவில்லை என்று வில்சன் கார்டன் பட்டறை மேஸ்திரி ஒருவர் எனக்குச் சொன்னார். பிரேக் சூட்டில் காய்ந்திருக்கும் சக்கரம் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால், பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சீலின் உதட்டோரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்த பிறகு காரைக் காயவைக்கலாம், மூடிய பேரிங்கைக் காயவைக்க வழியில்லை.

நோய் வந்தால் முதலில் ஒரு ரீங்காரம். ஊர் நெரிசலில் அது காதில் விழாது. ஆட்டோ, ஹார்ன், மெட்ரோ வேலை இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பேரிங்கும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. சில்க் போர்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும், 2010-இல் திறந்த, பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான மேம்பாலச் சாலையில் எண்பதைத் தொடும்போதுதான் பலருக்கு அது முதல்முதலாகக் கேட்கிறது. வேகம் ஏற ஏறச் சுதி ஏறும், குறையக் குறைய இறங்கும். நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். எஞ்சின் அடங்கியும் சத்தம் அடங்காவிட்டால் எஞ்சினை விட்டுவிடலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: எஞ்சின் இரைச்சல் மறைக்காததால் ரீங்காரம் முன்கூட்டியே கேட்டுவிடும்.

அடுத்தது வளைவு. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடது பக்கத்தைச் சந்தேகப்படலாம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. இது நல்ல குறி, ஆனால் தீர்ப்பு இல்லை. இரண்டு வரிசைக் குண்டுகளில் எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்து மாறவும் செய்யும். சத்தம் காரின் உடல் வழியாகப் பரவுவதால், இடது பக்கம் கெட்டிருக்க வலது பக்கம் கேட்பதும் உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்று வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட், பேரிங் இல்லை.

ரொம்பப் பேரை ஏமாற்றுவது டயர்தான். ஒழுங்கற்றுத் தேய்ந்த டயர் அச்சு அசலாகப் பேரிங் மாதிரியே பாடும். அந்த வில்சன் கார்டன் மேஸ்திரியிடம் என் வண்டியைக் கொண்டுபோனபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

“அண்ணா, டயர் சத்தமா இருக்குமோ?”

“டயர்னா ரோடு மாறினா சத்தமும் மாறும் சார். சிமென்ட் ரோட்ல ஒண்ணு, தார் ரோட்ல ஒண்ணு. பேரிங் ரோடு பாக்காது. எதுக்கும் முன் டயரைப் பின்னால போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. சத்தமும் பின்னால போச்சுன்னா டயர்.”

சத்தம் பின்னால் போகவில்லை. “ஜாக் ஹாக்கோ” என்று பையனுக்குக் கன்னடத்தில் குரல் கொடுத்தார். சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிற பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்கவே பயமாக இருக்கும். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் அசைத்தார். பேரிங்கில் பிளே இருந்தால் லேசாக ‘களக்’ என்று ஆடும். பையனை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் பிடித்து அசைத்தால் தெரிவது ஸ்டியரிங் ராடின் ஆட்டம்.

என் வண்டியில் ஆட்டமே இல்லை. பிளே வரும்வரை காத்திருந்தால் பேரிங் அநேகமாகக் கடைசிக் கட்டத்தில் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் இன்னொன்று செய்தார். சஸ்பென்ஷன் சுருளின் மேல் ஒரு கையின் விரல்களை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். “வைங்க சார் கையை” என்றார். வைத்தேன். காதுக்குக் கேட்காத ஒரு பொடிப் பொடியான அதிர்வு சுருள் வழியாக விரலுக்கு ஏறியது. மாவு ஆட்டும்போது உரலில் நாலு மணல் விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி. வலது சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வழவழவென்று போனது. சந்தேகம் தீர நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை, பேரிங்கைப் பிடித்திருக்கும் நக்கிள் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தும் கேட்டார். இடதுதான். வலதையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, “நல்லா இருக்கறதை எதுக்குப் புடுங்கணும்?” என்றார். அது சரியான பதில். ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் இல்லை இது.

கழற்றும் வேலை சக்கரம் தரையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட்டு அவ்வளவு இறுக்கம். அதன் விளிம்பைத் தட்டி ஆக்ஸிலின் பள்ளத்துக்குள் மடக்கியிருப்பார்கள். அதை நிமிர்த்திவிட்டு, நீளக் குழாய் மாட்டிய பானாவால் தளர்த்த வேண்டும். பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிபரை எடுத்துக் கம்பியில் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போய்விடும். டிஸ்க், ஸ்டியரிங் ராடு, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் போல்ட் என்று ஒவ்வொன்றாக விடுபட்டு நக்கிள் தனியாகக் கைக்கு வரும். ஸ்ட்ரட் போல்ட் இருந்த இடத்தில் மேஸ்திரி முதலிலேயே சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்.

இதுவரை நடந்தது எந்தப் பட்டறையிலும் நடக்கும். இனிதான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம். நக்கிளுக்குள் பேரிங்கும் பேரிங்குக்குள் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பும், மில்லிமீட்டரில் சில நூறில் பங்கு அளவுக்கு இறுக்கமாக இறங்கியிருக்கும். அதை வெளியே தள்ளவும் உள்ளே இறக்கவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். இல்லாத இடத்தில் சுத்தியலும் பழைய சாக்கெட்டும்தான். என் மேஸ்திரியிடம் பிரஸ் இருந்தது. முதலில் ஹப்பைத் தள்ளினார். உள் வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இது வழக்கம்தான். புல்லரின் நகம் நுழைய இடமில்லாததால், கிரைண்டரால் அந்த வளையத்தில் ஒரு கோடு கீறினார். முக்கால் ஆழம் போனதும் நிறுத்திவிட்டார். மீதியை உளியால் ஒரே தட்டு. ‘டிங்’ என்று வளையம் வெடித்து விட்டுக்கொடுத்தது. கிரைண்டர் இன்னும் ஒரு நூல் உள்ளே போயிருந்தால் ஹப்பின் மேல் தழும்பு விழுந்திருக்கும். புதுப் பேரிங் அந்தத் தழும்பின் மேல் சரியாக உட்காராது. பிறகு நக்கிளிலிருந்து சர்க்ளிப்பை எடுத்து, பழைய பேரிங்கை வெளியே தள்ளி, துளையைத் துடைத்து, விரலால் உள்ளே சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

பேரிங் பொருத்துவதில் சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வளையம் இறுக்கமாக உட்காரப் போகிறதோ அந்த வளையத்தைத்தான் தள்ள வேண்டும். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும். ஹப்பை ஏற்றும்போது கீழே உள் வளையத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்து. இதை மாற்றிச் செய்தால், பிரஸ்ஸின் டன் கணக்கான விசை முழுவதும் ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்துக்குக் குண்டுகள் வழியாகப் போகும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் ஒரு கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து உலோகத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லலாம் என்று காட்டினார். அதே பள்ளம்தான் புதுப் பேரிங்குக்குள்ளும் விழுகிறது. இன்றும் அதை அவர் பெயராலேயே குறிக்கிறார்கள். வண்டி வெளியே போகும்போது அமைதியாக இருக்கும். சில நூறு கிலோமீட்டரில் ரீங்காரம் திரும்பும். “பேரிங் டூப்ளிகேட்” என்று பழி கடைக்காரர் மேல் விழும். பெட்டியில் வந்தபோது அந்தப் பேரிங்குக்கு ஒரு குறையும் இல்லை.

சிலர் புதுப் பேரிங்கைப் பக்கத்து டீக்கடை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போடுவார்கள். கணக்குப்படி அதில் அர்த்தம் இருக்கிறது. 72 மில்லிமீட்டர் வளையத்தை 40 டிகிரி குளிர்வித்தால் 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே சுருங்கும். இறுக்கமே அந்த அளவுதான். ஆனால் வெளியே எடுத்ததும் அதன் மேல் வியர்க்கும் ஈரம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பிரஸ்ஸும் சரியான அளவு வளையக் கட்டையும் இருந்தால் ஃபிரிட்ஜ் தேவையில்லை. மேஸ்திரி பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே சாணையில் சற்றுத் தேய்த்துத் தள்ளுகட்டையாக வைத்திருந்தார். அதைவிடப் பொருத்தமான கருவி விலைக்குக் கிடைக்காது.

எல்லாம் திரும்ப ஏறிய பிறகு ஆக்ஸில் நட்டு. எப்போதும் புது நட்டு. இந்த வகைப் பேரிங்கில் இரண்டு உள் வளையங்களையும் நெருக்கி, உள்ளே இருக்கும் இடைவெளியைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதே இந்த நட்டின் இறுக்கம்தான். வண்டியைப் பொறுத்து 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை கேட்கும். அந்த வண்டியின் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று ஏற்றிவிட்டுப் போவது குருட்டு வேலை. டார்க் ரென்ச் ‘கிளிக்’ என்று சொல்ல வேண்டும். நட்டு இறுகாமல் வண்டியைத் தரையில் உருட்டவும் கூடாது. வண்டியின் எடை பிரிந்து நிற்கும் வளையங்களின் மேல் விழுந்து, ஓடுவதற்கு முன்பே கெடுத்துவிடும். கடைசியில் சாக்பீஸ் கோட்டுக்கு ஸ்ட்ரட் போல்ட்டைப் பொருத்தினாலும் அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது.

பழைய பேரிங்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேஜையில் வைத்துச் சீலைப் பிரித்தோம். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத்தண்ணீர் நிறத்தில் கூழ். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, வெளி வளையத்தின் ஓடுபாதையில் குண்டுக்குக் குண்டு இருக்கும் அதே இடைவெளியில் வரிசையாகத் துருக்கறை. ஓடும் பேரிங்கில் அப்படி விழாது. உள்ளே தண்ணீரோடு வண்டி நாள்கணக்கில் அசையாமல் நின்றிருந்தால்தான், குண்டு தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் துரு தின்னும். அதில் ஒரு கறையிலிருந்து சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு மேல்தோல் பொரிந்து உதிர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் கண்ணாடியாக மின்னியது. ஓடித் தேய்ந்த பேரிங் இல்லை இது. இன்னும் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். பேரிங் மாற்றுகிற ஒவ்வொருவரும் பழையதைக் கேட்டு வாங்கி இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். வரிசைத் துரு என்றால் தண்ணீர், துருவில்லாத வரிசைப் பள்ளம் என்றால் குழி அல்லது சுத்தியல், நீலம் பாய்ந்த வளையம் என்றால் சூடு. அடுத்த பேரிங்கை எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

முன்பெல்லாம் பழைய பேரிங்குக்கு இன்னொரு பிறவி இருந்தது. பட்டறை வாசலில் நின்று கெஞ்சிக் கேட்டு மூன்று பேரிங் வாங்கி, பலகையில் அச்சு அடித்து, தமிழ்நாட்டிலும் பெங்களூர்த் தமிழர் தெருக்களிலும் பையன்கள் பேரிங் வண்டி ஓட்டினார்கள். சிமென்ட் தரையில் அது போடும் இரைச்சலுக்குத் தெருவே திட்டும். சந்தைகளில் மூட்டை இழுக்கும் தாழ்ந்த பலகை வண்டிகளிலும் அவை ஓடின. அதற்கெல்லாம் ஒற்றை வரிசைக் குண்டு வைத்த மெல்லிய பேரிங் வேண்டும். இப்போது வருகிற, ஹப்போடு ஒரே துண்டாகச் சேர்ந்த பேரிங்குகள் எந்தப் பலகையிலும் ஏறாது.

அதனால் மிச்சமிருக்கும் வழி குஜிரி என்னும் பழைய இரும்பு வியாபாரம். பட்டறை மூலையில் இருக்கும் டின் நிறைந்ததும், தேய்ந்த பிரேக் டிஸ்க், உடைந்த சுருள், பேரிங் எல்லாம் ஒன்றாக எடை போட்டு இரும்பு விலைக்குப் போகும். சிவாஜி நகர் சந்துகளில் பிரித்து அடுக்குகிறவர்கள், இன்னும் ஓடக்கூடியது என்று ஏதாவது தேறினால் தனியே எடுத்து வைப்பார்கள், நம்முடையது தேறவில்லை. அது உலைக்குப் போகும். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு ஆக்சிஜனுக்குக் கீழே என்று பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய உருக்கு, ஆணியோடும் தகரத்தோடும் சேர்ந்து உருகும். சுகிந்தாவின் அந்த ஒன்றரைப் பங்கு குரோமியம் அத்தனை இரும்பிலும் கரைந்து, கட்டடக் கம்பியாகவோ சாக்கடை மூடியாகவோ ஆகிவிடும். பேரிங் உருக்கை மட்டும் தனியாகப் பிரித்துச் சேர்த்தால் அந்தக் குரோமியத்தை மீட்கலாம். பட்டறைகளில் அதற்கென்று ஒரு தனி டின் வைப்பது பெரிய செலவில்லை. என் மேஸ்திரியிடம் கேட்டேன். வைத்துவிடலாம், ஆனால் அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க ஆள் வேண்டுமே சார் என்றார்.